கஞ்சமலையும் கடிதக் கட்டும்

கடிதங்கள் இருவகைப்படும். அன்பின் பொருட்டு எழுதப்படுவன ஒரு வகை. கொடுக்கல் வாங்கலின் பொருட்டு எழுதப்படுவன மற்றொரு வகை. முன்னதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகின்றோம். பின்னதை வளைந்த கம்பியிற் கோத்துச் சுவரில் மாட்டி, கணக்கு முடிந்தபின் பழங்காகிதம் வாங்குவோரிடம் நிறுத்துக் கொடுத்துவிடுகின்றோம். வியாபாரக் கடிதத்தில் விலையும் தேதியுமன்றி வேறென்ன இருக்கப்போகிறது என்பது பலர் எண்ணம். அவ்வெண்ணம் சரியன்று என்பதையும், அத்தகைய கடிதக் கட்டொன்று நம் இல்லத்தில் உண்டாக்கிய ஒரு வழக்கினையும் இக்கட்டுரையிற் கூற விரும்புகின்றோம்.

தமிழ் பயில்வோர் வியாபாரக் கடிதத்தை இகழ்வதற்கு நியாயமில்லை. பதினோராந் திருமுறையின் முதலில் நிற்கும் திருமுகப் பாசுரம் யாது? பாணபத்திரருக்குப் பொருள் கொடுத்து அனுப்புமாறு ஆலவாய் இறைவர் சேரமான் பெருமாளுக்கு விடுத்ததாகக் கூறப்படும் கடிதம் அது. சோழர் கல்வெட்டுக்களில் திருமந்திர ஓலை எழுதுவோர் ஒரு தனி அதிகாரிகளாகவே காணப்படுகின்றனர். கிறிஸ்தவர்களாகிய நமக்கோ நிருபம் என்பது வேதத்தின் ஒரு பகுதியையே குறிக்கும் சொல். அவற்றுள் மிகச் சிறியனவற்றுள் ஒன்று பவுல் அப்போஸ்தலர் பிலேமோனுக்கு எழுதியது. ஓடிப்போன அடிமையொருவன் செய்த நஷ்டம் ஏதேனும் இருந்தால் அதனைத் தம் கணக்கில் வைத்துக்கொள்ளுமாறும், தாமே செலுத்துவதாகவும் அவர் தம் கையாலேயே எழுதிக் கொடுக்கின்றார். இது கணக்கர் மொழி, பிணைச்சீட்டின் மொழி. அம்மொழியிலேயே ஒரு மனிதனின் விடுதலை பேசப்படுகின்றது.

கடிதமின்றி நடவாத தொழில்களுள் சுரங்கத் தொழில் தலையாயது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடபகுதியில் நடைபெற்ற காரீயச் சுரங்கத் தொழிலை இதற்கு எடுத்துக்காட்டலாம். உலோகம் கிடைத்ததோ ஆல்ஸ்டன் முதலிய ஊர்களைச் சூழ்ந்த, மரமற்ற உயர்ந்த மேட்டுநிலங்களில். அதன் சொந்தக்காரர் வாழ்ந்ததோ நியூகாஸில், லண்டன் முதலிய நகரங்களில். 1692-இல் அரசுரிமைப் பட்டயம் பெற்றுப் பின் க்வேக்கர் சபையாரின் நிர்வாகத்தில் நடந்த லண்டன் காரீயக் கம்பெனி, 1905 வரை நிலைத்திருந்தது. இத்தகைய கம்பெனிகளில் மேலதிகாரிக்கும் சுரங்க ஏஜெண்டுக்கும் இடையே கடிதங்கள் ஓயாமற் சென்று வந்தன. எத்தனை ‘பிங்’ தாது எடுக்கப்பட்டது (ஒரு பிங் ஏறக்குறைய 400 கிலோகிராம்), பொதிக்குதிரைகள் கிடைத்தனவா, துறைமுகத்தில் விலை ஏறிற்றா இறங்கிற்றா என்பனவே அவற்றின் பொருள். ஆயினும் ஊன்றி நோக்குவார்க்கு வேறு செய்திகளும் புலப்படும். சுரங்கத் தொழிலாளர் நாட்கூலி பெற்றவரல்லர். நால்வர் அறுவர் கூடி, ஒரு பிங்குக்கு இவ்வளவென்று குறிப்பிட்ட காலத்திற்கு ஒப்பந்தம் பேசிக்கொண்டனர். மாதந்தோறும் சிறு தொகை முன்பணமாகப் பெற்று உண்டனர். ஆண்டிற்கொரு முறை கணக்குத் தீர்த்தனர். தாது கிடைத்தால் மிச்சம், கிடையாவிட்டால் கடன். முன்பணம், ஒப்பந்தம், ஆண்டுக் கணக்கு என்னும் இம்மூன்றையும் படித்தபோது நமக்கு இங்கிலாந்து நினைவுக்கு வரவில்லை. செவ்வாய்ப்பேட்டையே நினைவுக்கு வந்தது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

காரீயத்திற்கும் தமிழுக்கும் ஒரு சிறிய உறவுண்டு. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கு ஐயர் தமிழில் அச்சிட முயன்றபோது, ஜெர்மனியில் ஹாலே நகரிலிருந்து வார்த்தனுப்பப்பட்ட எழுத்துக்கள் பெரியனவாயிருந்தமையால் காகிதம் போதவில்லை. ஆகவே ஆட்லர் என்னும் தொழிலாளர் பொறையாற்றிற் சிறிய எழுத்துக்களை வார்த்தார். லண்டனிலிருந்து கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கத்தார் அனுப்பிய பாலாடைக்கட்டிகளைப் பொதிந்திருந்த காரீயத் தகடே உருக்கப்பட்டு அவ்வெழுத்துக்களாயிற்று என மிஷன் சரித்திரம் கூறும். புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறி முடிந்தது. இவையாவும் நிறைவேறியது தரங்கம்பாடிக்கும் லண்டனுக்கும் ஹாலேக்கும் இடையே சென்ற கடிதங்களாலேயே ஆகும். இத்தனை தாள் வேண்டும், இத்தனை பணம் குறைகின்றது என்னும் கடிதங்களே தமிழ் அச்சுக்கலைக்குச் செவிலித்தாயர் என்றால் மிகையாகாது.

இனி, நம் சேலத்திற்கு வருவோம். சேலத்திற்கு மேற்கே நிற்கும் கஞ்சமலை, காந்தத்தால் இழுக்கப்படும் இரும்புத்தாது செறிந்த மலை. அதன் அடிவாரத்திலும் சுற்றுப்புறத்திலும் முன்னாளில் இரும்புருக்குவோர் பலர் இருந்தனர். மழைநீர் அரித்துக் கொணரும் கருமணலைக் கொழித்தெடுத்து, களிமண்ணால் எழுப்பிய ஆளுயரத்திற்கும் குறைவான உலையிற் கரியோடு கலந்து இட்டு, ஆட்டுத்தோல் துருத்திகளால் ஊதி உருக்கினர். அவ்விரும்பைச் சிறு துண்டுகளாக்கி, உலர்ந்த ஆவாரங்கட்டைத் துண்டுகளோடு சிறு மட்குகையில் வைத்து, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்துப் பல குகைகளை ஒருங்கே சூளையிலிட்டு எஃகாக்கினர். ஆவாரையும் எருக்கும் நம் புறம்போக்கு நிலங்களில் இன்றும் வளர்கின்றன. அவற்றால் எஃகு செய்த கைகள்தாம் இல்லை.

இவ்வெஃகின் புகழ் ஐரோப்பாவை அடைந்ததும் ஒரு கடிதத்தாலேயே. 1794-இல் பம்பாயிலிருந்த டாக்டர் ஹெலீனஸ் ஸ்காட் என்பார், ‘வூட்ஸ்’ என வழங்கிய இந்திய எஃகின் மாதிரியையும் கடிதத்தையும் லண்டன் ராயல் சொஸைட்டியின் தலைவர் ஜோஸப் பாங்க்ஸுக்கு அனுப்பினார். அதனைச் சோதித்து ஜார்ஜ் பியர்ஸன் என்பார் 1795-இல் ஒரு கட்டுரை வாசித்தார். பின்னர் ஸ்டோடார்ட், பாரடே முதலியோரும் இதனை ஆராய்ந்தனர். அனுப்பினவர் பெயருண்டு, பெற்றவர் பெயருண்டு, சோதித்தவர் பெயரும் உண்டு. எஃகு செய்தவர் பெயர் மாத்திரம் அத்தொடரில் இல்லை.

திப்பு சுல்தானோடு 1792-இற் செய்த உடன்படிக்கையால் சேலமும் பாரமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தன. கர்னல் ரீடும், அவர்கீழ்த் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி விதித்தனர். அவர்களும் அவர்களுக்குப் பின்வந்தோரும் எழுதிக் குவித்த கடிதங்கள் மிகப் பல. அவ்வழியில் வந்தவரே ஜோசியா மார்ஷல் ஹீத். கம்பெனி உத்தியோகத்தில் சேலத்து வர்த்தக அதிகாரியாயிருந்த இவர், கஞ்சமலை இரும்பைக் கண்டு பெருங்கனவு ஒன்று கண்டார். 1825 முதல் கம்பெனியாருக்கு விண்ணப்பித்து, உரிமையும் முன்பணமும் பெற்று, 1830-ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையில் உலைகளை நிறுவினார். மலபாரில் பேப்பூரிலும் பின்னர் உலைகள் எழுந்தன. பரங்கிப்பேட்டை இரும்பு ஷெப்பீல்டு நகரத்து எஃகுத் தொழிலாளரிடம் விற்கப்பட்டது; மெனாய் நீரிணையின்மேற் கட்டப்பட்ட பிரிட்டானியா பாலத்திற்கும் பயன்பட்டதென்பர்.

ஆயினும் கனவு நிலைக்கவில்லை. காரணம் இரும்பன்று, கரியும் தூரமும். கஞ்சமலைக்கும் பரங்கிப்பேட்டைக்கும் இடையே 170 கிலோமீட்டருக்கு மேல் உண்டு. தாது வண்டியிலும் பரிசலிலும் செல்லவேண்டும். உலைக்கு மரக்கரி வேண்டும். ஓர் உலை நாளொன்றுக்கு விழுங்கும் கரிக்கு எத்தனை மரம் வீழவேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அருகிலிருந்த காடு தீர்ந்தால் அப்பாலுள்ள காட்டுக்குச் செல்லவேண்டும், அதனால் விலையேறும். பணம் போதாமற் கடன். கடனைத் தீர்க்க மீண்டும் கடன். அக்காலத்திற் கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றமையால், லண்டனுக்கு எழுதிய கடிதத்திற்கு மறுமொழி வர ஓராண்டு கழிதலும் உண்டு. ‘உலை அவியும் தறுவாயில் இருக்கிறது’ என்று ஒருவர் எழுதினால், உதவி வருமுன் அவ்வுலை அவிந்து சாம்பலும் ஆறிப்போம். 1853-இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்னும் புதிய கம்பெனி இத்தொழிலை ஏற்றது. அதுவும் அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளிற் கைவிட்டது.

ஹீத்தின் பிற்கால வாழ்க்கை சொல்லின் வலிமையைக் காட்டுவது. தமிழ் மாணவர் கேட்கத் தக்கது. இங்கிலாந்து சென்ற அவர், எஃகு வார்க்கையில் மாங்கனீஸும் கரியும் கூடிய ஒரு பொருளைச் சேர்த்தால் மட்டமான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு கிடைக்கும் எனக் கண்டு, 1839-இல் காப்புரிமை பெற்றார். பிறரோ அப்பொருளைத் தனியே செய்து சேராமல், மாங்கனீஸ் ஆக்ஸைடையும் கரியையும் வெவ்வேறாகவே குகையிலிட்டு அதே பயனைப் பெற்றனர். பத்திரத்தில் எழுதிய சொல் இதனை உட்கொள்ளுமா கொள்ளாதா என்பதே வழக்கு. ஹீத் 1851-இல் மரித்தார். வழக்கு அவருக்குப் பின்னும் நடந்து, 1855-இல் பிரபுக்கள் சபையில் அவர் பக்கத்திற்கு விரோதமாகத் தீர்ந்தது. ஒரு சொல்லை விரித்து எழுதாமையால் ஒரு வாழ்நாளின் உழைப்புப் பிறர் கைக்குச் சென்றது.

இச்செய்திகளை நாம் அறிந்துகொண்டது லெஃபானு 1883-இல் வெளியிட்ட சேலம் மாவட்டக் கையேடு, ரிச்சர்ட்ஸ் 1918-இல் வெளியிட்ட கெஜட்டியர் முதலியவற்றைக் கல்லூரி நூல்நிலையத்திற் புரட்டியபோது. படிக்குந்தோறும் ஒரு குறை நம்மை உறுத்திற்று. ‘நாம் இத்தனை டன் அனுப்பினோம்’, ‘நாம் உலை மூட்டினோம்’ என்று தொழில் நடத்துவோர் எழுதும் ‘நாம்’ என்பதனுள் யார் யார் அடக்கம்? கருமணல் கொழித்த பெண்டிர் அடக்கமா? கரி சுட்டவர், பரிசல் தள்ளினவர், துருத்தி மிதித்தவர் அடக்கமா? அவர்கள் கடிதம் எழுதவில்லை. ஆதலின் அவர்தம் கணக்கு நமக்குக் கிடைக்கவில்லை. இக்குறையோடு விடுமுறைக்கு ஊர் சென்றபோதுதான், வீட்டில் ஒரு கடிதக் கட்டு நம்மை எதிர்கொண்டது.

செவ்வாய்ப்பேட்டையை அறியாதார்க்கு ஒரு சொல்: செவ்வாய்க்கிழமைச் சந்தையாற் பெயர்பெற்ற பேட்டை என்பர். வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளின் தட்டொலியும், லீ பஜார் மண்டிகளின் மூட்டை மணமும் அதன் அடையாளங்கள். அங்கே ஒரு மண்டியில் நம் பாட்டனார் 1965 முதல் இருபத்துமூன்று ஆண்டு குமாஸ்தாவாக இருந்தார். வெல்லமும் பருப்பும் அம்மண்டியின் சரக்கு. முதலாளி சொல்லச் சொல்லக் கடிதம் எழுதுவது பாட்டனார் வேலை. தலைப்பில் முதலாளியின் வழக்கப்படி பிள்ளையார் சுழி இடுவார். கிறிஸ்தவராகிய பாட்டனார் அதனைத் தயங்காமல் இடுவார். “கடை அவருடையது, கையெழுத்துத்தான் என்னுடையது” என்பார். அம்மண்டி மூடப்பட்டபோது, வேண்டுவாரின்றிக் கிடந்த கார்பன் படிகளும் வந்த கடிதங்களும் நம் வீட்டுப் பரணைச் சேர்ந்தன. நாம் ஊர் சென்ற வாரத்தில் தந்தையார் அவற்றை இறக்கித் திண்ணையில் அடுக்கியிருந்தார். பழங்காகிதம் வாங்குவோருக்கு விற்பதன்று அவர் கருத்து, அனைத்தையும் எரித்துவிடுவதே.

நாம் தடுத்தோம். தேடிக் கிடையாத சிறியோர் கணக்கு இதில் உள்ளது என்றோம். தந்தையார் கூறிய விடை நம்மைத் திகைக்கச் செய்தது. “இதில் பாதி கடன் கேட்டு எழுதியது. வாங்கினவர்கள் பெயரும் ஊரும் இருக்கின்றன. சிலர் கொடுத்தார்கள், சிலரால் முடியவில்லை, முதலாளி விட்டுவிட்டார். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இதே தெருவில் நம்மோடு நடக்கிறார்கள். அவர்களுடைய பாட்டன் கைநீட்டி நின்றதை நீ ஏன் படிக்கவேண்டும்? கடன் தீர்ந்தால் சீட்டைக் கிழிப்பதுதான் முறை.”

நமக்கு விரோதமாயிருந்த பழைய கடன்சீட்டு அழிக்கப்பட்டுச் சிலுவையில் அறையப்பட்டது என்னும் உவமையைத் திருச்சபையில் எத்தனையோ முறை கேட்டிருக்கின்றோம். அது நம் திண்ணையில் அடுக்கியிருந்த காகிதத்தைப் பற்றியும் பேசும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை. ஆராய்ச்சி காப்பாற்று என்கின்றது. தருமம் அழித்துவிடு என்கின்றது. இரண்டும் நியாயமாகவே தோன்றின. இரண்டு நாட்கள் கட்டு அவிழ்க்கப்படாமலே கிடந்தது.

மூன்றாம் நாள் பாட்டனாரே தீர்ப்பளித்தார். வயது எண்பதைக் கடந்தவர், கண் மங்கிவிட்டது, நினைவு மங்கவில்லை. “ஒவ்வொன்றாக வாசி, கண்ணு. எது இருக்கவேண்டும், எது போகவேண்டும் என்று எனக்குத் தெரியும்” என்றார். ஏழு மாலைகள் வாசித்தோம். ‘தங்கள் கடிதம் கிடைத்துச் சங்கதி அறிந்தோம், மேற்படி சரக்கில் நான்கு மூட்டை ஈரம் கண்டிருக்கின்றது’ என்பது போன்றவை பல. பவானிப் பக்கத்து வெல்லத்தின் நிறம், மார்க்கெட் புகைவண்டி நிலையத்தில் வேகன் கிடையாத வாரம், மூட்டைக்கு ஐந்து பைசா கூலி உயர்த்தக் கேட்டுச் சுமைதூக்குவோர் அரைநாள் உட்கார்ந்துவிட்ட செய்தி, ஒரு வண்டிக்காரரின் மாடு இறந்ததால் வேறு வண்டி பேசியது, விலை திடீரென இறங்கியபோது அவசரமாய் அடித்த தந்தியின் படி ஆகியவை அவற்றுட் கண்டவை. தந்தி 2013-இல் நம் நாட்டில் நின்றுவிட்டது. அதன் சிக்கன நடை இக்கட்டிற் பிழைத்திருந்தது. கஞ்சமலையைப் பற்றிய நூல்களில் நாம் தேடிய மனிதர் இங்கே பெயரோடு நடமாடினர்.

அவற்றிடையே ஒரே ஆளுக்கு, ஒரே தேதியில் எழுதிய இரண்டு கடிதங்களைக் கண்டோம். நாமக்கல் பக்கத்துக் குடியானவர் ஒருவர் முன்பணம் வாங்கியிருந்தார், மழை பொய்த்துவிட்டது. முதற்கடிதம், மாத முடிவுக்குள் முழுத்தொகையும் வாராவிட்டால் வக்கீல் மூலம் நடவடிக்கை எடுப்பதாகக் கூறுகின்றது. அது குறுக்கே கோடிட்டு அடிக்கப்பட்டிருக்கின்றது. இரண்டாங் கடிதம், அடுத்த வெள்ளாமை கண்டபின் மூன்று தவணையாகச் செலுத்தலாம் என்கின்றது. வட்டியைப் பற்றிப் பேச்சேயில்லை. நடந்தது யாது என வினவினோம்.

பாட்டனார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின், “முதலாளி சொன்னது முதற் கடிதந்தான். எழுதி முடித்தால் படித்துக் காட்டுவது வழக்கம். அன்றைக்கு நான் கொஞ்சம் நிறுத்திப் படித்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், ‘இதை அந்த ஆளுக்கு அங்கே யார் படித்துச் சொல்வார்கள்?’ என்றார். ‘அவருக்கு எழுத்துத் தெரியாது, பள்ளிக்கூடத்துப் பிள்ளை யாராவது வாசிக்கும்’ என்றேன். ‘அவர் பிள்ளையே வாசித்தாலும் வாசிக்கும். அடித்துவிட்டு வேறு எழுது’ என்றுவிட்டார்” என்றார்.

இதனினும் மேலான இலக்கண பாடம் ஒன்றை நாம் கேட்டதில்லை. கடிதம் எழுதுவோன் அதனைப் பெறுவோனை மட்டும் எண்ணினாற் போதாது. அதனை அவனுக்கு வாசித்துக் காட்டப்போகும் வாயையும் எண்ணவேண்டும். சொல்லுகையிற் கடனாளியாக இருந்தவன், வாசிக்கக் கேட்கையில் ஒரு பிள்ளைக்குத் தகப்பனாகிவிட்டான். ‘நாம்’ என்று கடையின் பெயரால் எழுதிய கடிதத்துள் முதலாளியும், குமாஸ்தாவும், கண்ணாற் காணாத ஒரு பள்ளிச் சிறுவனும் சேர்ந்திருந்தனர்.

முடிவில் யாது செய்தோம் எனின், கடன்சீட்டுக்களையும் கடன் கேட்டெழுதிய கடிதங்களையும் பிரித்து அடுப்பிலிட்டோம். தந்தையாரே தீ மூட்டினார். விலை, சரக்கு, கூலி, மழை, வண்டி ஆகியவற்றைக் கூறுங் கடிதங்களைக் காத்துக்கொண்டோம். அவை ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கின. நாமக்கல் குடியானவருக்கு எழுதிய இரண்டையும் என்ன செய்வது என்பதே கடினமாயிற்று. பெயரையும் ஊரையும் தொகையையும் விடுத்து, வாசகத்தை மட்டும் ஒரு நோட்டில் பெயர்த்தெழுதிக்கொண்டு, மூலங்களைத் தந்தையார் கையிற் கொடுத்தோம். மூலம் அழிந்தால் ஆதாரம் ஏது என ஆராய்ச்சியாளர் வினவுவர். வினா நியாயமானதே. ஆயினும் அவ்வாதாரம் நம்முடையதன்று, அக்குடியானவருடையது. அவரைக் கேளாமல் வைத்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை என்பதே இன்றளவும் நம் முடிவு.

கஞ்சமலை அடிவாரத்தில் 1970-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1981-இல் இயங்கத் தொடங்கிய சேலம் உருக்காலை, துருப்பிடியாத எஃகுத் தகடுகளால் உலகறியப் பெயர்பெற்றது. அதன் கடிதங்களைக் காக்க அலுவலகங்கள் உண்டு. சிறு மண்டிகளுக்கும் பட்டறைகளுக்கும் தறிக்கூடங்களுக்கும் அவ்வாறு காப்பவர் எவரும் இலர். நண்பர்காள், உங்கள் இல்லங்களிலும் பரண்மேல் இத்தகைய கட்டுக்கள் இருத்தல் கூடும். அவற்றைத் தூக்கிக் கொடுக்குமுன் ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள். எழுதிய முதியவர் உயிரோடிருந்தால் அவர் அருகில் அமர்ந்து வாசியுங்கள். காக்கத் தக்கது எது, எரிக்கத் தக்கது எது என்பதை நூல்நிலையம் கூறாது, அவரே கூறுவார். கண் மங்கிய முதியோர் நெடுநாள் காத்திரார். ஆதலின் இவ்விடுமுறையிலேயே செய்க.